கருந்துறையின் கடைசிக் காட்சி

காலை ஆறு பத்துக்குத் தென்னவன் எழுந்தான். பல் துலக்கினான். இரண்டு மாடி இறங்கித் தெருமுனைக் கடையில் அரை லிட்டர் பால் பாக்கெட் ஒன்று வாங்கினான். மேலே வந்தான். செருப்பைக் கழற்றாமலே சமையலறைக்குப் போய்ப் பாலை ஃப்ரிட்ஜில் வைத்துக் கதவைச் சாத்தினான். பிறகு வாசலுக்குத் திரும்பி வந்து செருப்பைக் கழற்றினான். முகம் கழுவினான். மறுபடி ஃப்ரிட்ஜைத் திறந்து அதே பாக்கெட்டை எடுத்துப் பாலைக் காய்ச்சினான். காப்பி போட்டான். ஒரு டம்ளர். பாத்திரம் கழுவும் தொட்டி அருகில் நின்றபடியே குடித்தான்.

பதினாலு மாதமாக இப்படித்தான். உடனே காய்ச்சப்போகிற பாலை எதற்கு உள்ளே வைத்து எடுக்கிறோம் என்று அவன் யோசித்ததில்லை. யோசிக்கிற வேலைகளை அவன் குறைத்துக்கொண்டிருந்தான்.

போனில் நஸ்ரின் அனுப்பிய செய்தி இருந்தது. ‘சார், இன்னைக்கு பத்து மணிக்கு செட்டுக்கு வர முடியுமா? மேடம் உங்கள வரச் சொல்றாங்க.’

மேடம் என்றால் அவன் மனைவி சுடர்க்கொடி. அவள் இறந்து பதினாலு மாதம் ஆகிறது.

*

சுடர்க்கொடி எழுதிய நாவலின் பெயர் ‘கருந்துறை’. இரண்டு பாகம் வெளிவந்து, இரண்டும் படமாகியிருந்தன. கல்லூரிப் பிள்ளைகள் அதன் வரிகளைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். ‘கதவைத் திறக்காதே’ என்று பைக்கின் பின்னால் ஒட்டிக்கொண்டார்கள்.

கருந்துறை என்பது செத்தவர்கள் படகேறும் துறைமுகம். படகேற ஒரே ஒரு நிபந்தனை. போனவர் கடைசியாகச் சொன்னதை, கேட்டவர் எழுத்துப் பிசகாமல் நெஞ்சில் வைத்திருக்க வேண்டும். அது கொஞ்சம் திரிந்தாலும் படகு திரும்பி வரும். அதில் வருவது போனவள் இல்லை. அவளுடைய முகமும் குரலும் கொண்ட இன்னொருத்தி. நாவலில் அவளுக்கு ‘மாற்றாள்’ என்று பெயர். அவள் வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுவாள். கேட்பது ஒரே கேள்வி: ‘நான் கடைசியாக என்ன சொன்னேன்?’ பதில் கிடைத்துவிட்டால் உள்ளே வந்துவிடுவாள். பிறகு யாராலும் அவளை அனுப்ப முடியாது.

மூன்றாம் பாகத்தைச் சுடர்க்கொடி பதினாலாம் அத்தியாயம் வரை எழுதியிருந்தாள். படகோட்டி நாவனின் வீட்டு வாசலில் அவன் மனைவியின் மாற்றாள் நிற்கிறாள். கணினியில் இருந்த கடைசி வாக்கியம்: ‘நாவன் தாழ்ப்பாளில் கை வைத்தான்.’ அதற்கு மேல் இல்லை. அடுத்த வாரம் டெங்கு வந்தது. ஆறாம் நாள் போய்விட்டாள். முப்பத்தொரு வயது.

படக் கம்பெனியோடு அவள் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. ‘என் வார்த்தை இல்லாமல் ஒரு காட்சியும் மாறக்கூடாது.’ அவளே பிடிவாதமாகச் சேர்த்த வரி. அவள் இறந்த பிறகு கம்பெனி வக்கீல்கள் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். அப்புறம் அவள் வார்த்தையைத் தயாரித்தார்கள். கையெழுத்துப் பிரதிகள், பதினோரு வருடக் குறுஞ்செய்திகள், ஆயிரக்கணக்கான குரல் பதிவுகள். தென்னவன் அவளுடைய போனையும் லேப்டாப்பையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தான். மூன்று மணி நேரம் கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னான். காரியம் முடிந்து ஒன்பதாவது நாள் அது. என்ன சொன்னான் என்று அவனுக்கே நினைவில்லை.

காகிதங்களில் அதற்கு ‘ஆசிரியர் குரல்’ என்று பெயர். செட்டில் எல்லோரும் மேடம் என்றார்கள். எட்டு மாதமாக வாரம் ஒரு தடவை போய் அதன் பேச்சைச் சரிபார்த்துக் கொடுத்த தென்னவன் மட்டும் அதை எந்தப் பெயரிட்டும் அழைக்கவில்லை.

*

கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளம் தாண்டி, கருந்துறை எழும்பியிருந்தது. உண்மையான மணலில் பொய்யான படகுகள். பனையோலை வேய்ந்த நாற்பது வீடுகள். நடுவில் நாவனின் வீடு.

தென்னவன் அந்த வீட்டின் முன்னால் நின்றுவிட்டான்.

பச்சைக் கதவு. இடது மூலையில் மரம் கொஞ்சம் ஊறி உப்பியிருந்தது. பூட்டுக்கு மேலே, பாதி கிழித்த ஒரு ஸ்டிக்கரின் தடம். அது அவன் வீட்டுக் கதவு. வளசரவாக்கம், இரண்டாவது மாடி, அவன் காலையில் பூட்டிவிட்டு வந்த கதவு.

“நல்லா வந்திருக்குல்ல?” பின்னால் இயக்குநர் பெஞ்சமின் வந்து நின்றார். ஐம்பது வயது, வெயிலில் கறுத்த வழுக்கைத் தலை. “ஆர்ட் டிபார்ட்மெண்ட் கதவு எப்படி இருக்கணும்னு கேட்டாங்க. மேடம் அங்குலம் அங்குலமா சொல்லிட்டாங்க. சாப்டீங்களா தம்பி?”

“ஆச்சு சார்.”

“பொய். முகத்தப் பாத்தாலே தெரியுது.”

கித்தான் நாற்காலி ஒன்றில் கைப்பிடி அளவு ஒலிபெருக்கி இருந்தது. நாற்காலியின் முதுகில் ‘சுடர்க்கொடி’ என்று எழுதியிருந்தது. மானிட்டர் பக்கத்தில் நஸ்ரின் உட்கார்ந்திருந்தாள். இருபத்தெட்டு வயது, அந்தக் குரலைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை.

“வந்துட்டியா தென்னு?” என்றது நாற்காலி. “சட்டைய இஸ்திரி போடவே மாட்டியா? கேமரால பாக்கறேன், மாட்டு வாயிலருந்து பிடுங்கின மாதிரி இருக்கு.”

லைட் ஆட்கள் சிரித்தார்கள். அவள் அப்படித்தான் பேசுவாள். மூச்சு விடுகிற இடம்கூட அதேதான். தென்னவன் சட்டையைக் கையால் நீவிவிட்டான். நீவிவிட்டோமே என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

பெஞ்சமின் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். “நேரா விஷயத்துக்கு வர்றேன். கடைசிக் காட்சி மட்டும்தான் பாக்கி. நாளைக்கு எடுக்கணும். நாங்க எழுதினதுல நாவன் கதவத் திறக்கல. படிச்சவன் எவனும் திறக்கக்கூடாதுன்னுதான் சொல்வான். நானும் அந்தக் கட்சிதான். ஆனா மேடம் ஒத்துக்கல.”

“அவன் திறக்கணும்” என்றது குரல். “அவ உள்ள வரணும். அவளும் பாவம்தானே பெஞ்சமின் சார்? அவளா ஆசப்பட்டு வந்தா? யாரோ தப்பா ஞாபகம் வச்சதால வந்தா. வந்தப்புறம் வாசல்லயே நில்லுன்னா எங்க போவா?”

கடல் மட்டும் சத்தம் போட்டது.

“ரெண்டு படத்துல ஒரு கமாவக்கூட நகர்த்த விடாதவங்க” என்றார் பெஞ்சமின், தாழ்ந்த குரலில். “இப்ப அவங்களே மாத்தறாங்க. எனக்கு ஒரு மாதிரி இருக்கு தம்பி. சட்டப்படி அவங்க சொல்றதுதான் கணக்கு. ஆனா புத்தகத்துல இல்லாத காட்சிக்கு ஒரு சாட்சி வேணும்னு வக்கீல் சொல்றாரு. சாட்சி நீங்கன்னு மேடம் சொல்றாங்க.”

“நானா?”

“மறந்துட்டியா?” என்றது குரல். கோபமில்லை. கெஞ்சல் போல இருந்தது. “ஐசியூ வாசல்ல. டிராலிய தள்ளறதுக்கு முன்னாடி. உன் சட்டையப் பிடிச்சுக்கிட்டு சொன்னேன்ல. ‘வந்தவள உள்ள விடு’ன்னு.”

தென்னவன் வாயைத் திறந்தான், இல்லை என்று சொல்வதற்கு.

சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அவனுக்கு அது நினைவிருந்தது. டிராலியின் வலது முன்சக்கரம் கிறீச்சிட்டது. அவள் உதடு வெடித்திருந்தது. விரல்கள் அவன் சட்டையைப் பிடித்தன. வந்தவள உள்ள விடு. தெளிவாகக் கேட்டது. அதிலும் ‘உள்ள’ என்ற அந்தச் சொல். அதை அவள் நிச்சயமாகச் சொன்னாள். அவன் அதை யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு அதற்கு எப்படித் தெரிந்தது?

*

அவன் செட்டை விட்டு நகர்வதற்குள் மாமியார் போன் செய்தாள்.

“மாப்ள, கொடி கடைசியா சொன்னத ஏன் எங்கிட்ட மறைச்சீங்க?”

“உங்களுக்கு யாரு சொன்னது அத்தை?”

“அவதான் சொன்னா. தினம் காலைல பேசறாளே. நான் கேட்டேன்னு கம்பெனிக்காரங்க போன்ல போட்டுக் குடுத்தாங்கல்ல. என்னமா பேசறா தெரியுமா? போன வாரம் சின்ன வயசுல கிணத்துல விழுந்தத சொன்னா, நான் அழுதுட்டேன்.”

தென்னவன் செட்டில் நின்ற வேன் ஒன்றின் நிழலில் ஒதுங்கினான். “அத்தை, கிணத்துல விழுந்தது கொடி இல்ல. உங்க பெரிய மக. கொடி அப்ப பொறக்கவே இல்லன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க.”

“இல்ல மாப்ள. கொடிதான். மஞ்சப் பாவாடை. நான்தான் தூக்கினேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.” அவள் குரலில் சந்தேகமே இல்லை. சந்தோஷம்தான் இருந்தது. “என்ன மாப்ள நீங்க, பெத்தவளுக்குத் தெரியாதா?”

அவன் போனை வைத்தான். அந்தக் கிழவிக்குப் பொய் சொல்லத் தெரியாது. அவள் கண்ணில் மஞ்சப் பாவாடை தெரிகிறது. தன் கண்ணில் சட்டையைப் பிடித்த விரல்கள் தெரிவது போல.

அவனிடம் சுடர்க்கொடியின் பொருள் என்று எதுவும் மிச்சமில்லை. போன், எழுத்து, குரல், கதவு எல்லாம் கொடுத்தாயிற்று. ஐசியூ வாசலில் அவள் சொன்னது ஒன்றுதான் பாக்கி. அதையும் எப்போது, எந்த வழியாக எடுத்துக்கொண்டார்கள்?

*

நஸ்ரின் இரண்டு பேப்பர் கப்பில் டீ எடுத்துக்கொண்டு வேனுக்குள், தென்னவனிடம் வந்தாள். கதவைச் சாத்தினாள்.

“அது பொய் சொல்லுதா?” என்று கேட்டான்.

“பொய் சொல்லணும்னா உண்மை தெரிஞ்சிருக்கணும் சார். அதுக்குத் ‘தெரியாது’ன்னு சொல்லத் தெரியாது. அவ்வளவுதான். நடுவுல ஓட்டை இருந்தா, பக்கத்துல இருக்கறத வச்சு அடைச்சிடும். அடைச்சது தெரியாம அடைக்கும்.”

“எனக்கும் ஞாபகம் இருக்கே. சக்கரம் கிறீச்சுன்னது உள்பட.”

“எட்டு மாசமா வாரம் ஒரு தடவ வந்து அதுகூட உக்காந்து சரிபாத்திருக்கீங்க. ஆஸ்பத்திரி பத்தி அது எத்தன தடவ பேசியிருக்கும்? நமக்கும் ஓட்டை உண்டு சார். நாமளும் அடைச்சுக்கறோம்.” அவள் டீயை ஊதினாள். குடிக்கவில்லை.

“‘உள்ள’ன்னு அவ சொன்னா. அது நிச்சயம். நான் யார்கிட்டயும் சொல்லல. அதுக்கு எப்படித் தெரியும்?”

நஸ்ரின் லேப்டாப்பைத் திறந்தாள். தேடினாள். திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

முதல் நாள் எடுத்த மூன்று மணி நேரப் பேட்டி. இரண்டாம் மணி, பதினாலாவது நிமிடம்.

கேள்வி: கடைசியா ஏதாவது பேசினாங்களா சார்?
பதில்: ஐசியூ வாசல் வரைக்கும் வந்தவ… ஏதோ சொன்னா. உள்ள… உள்ளன்னு ஏதோ. விடுங்க.

தென்னவன் அதை மூன்று தடவை படித்தான்.

வந்தவ. உள்ள. விடுங்க.

“மூணும் உங்க வார்த்தை சார்” என்றாள் நஸ்ரின். “அவங்க சொன்னது இல்ல. ‘இந்தப் பேச்ச விடுங்க’ன்னு எங்கிட்ட சொன்னீங்க. அது கோத்துக்கிச்சு.”

அவனுக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. அதன் பின்னாலேயே பயம் வந்தது, முன்னைவிடப் பெரியதாக. பொய் எது என்று தெரிந்துவிட்டது. ஆனால் நிஜம்? கண்ணை மூடிப் பார்த்தான். டிராலி, சக்கரம், உதடு. உதடு அசைகிறது. வந்தவள உள்ள விடு. மறுபடி. வந்தவள உள்ள விடு. வேறெதுவும் வர மறுத்தது.

நஸ்ரின் ஒரு படிவத்தை நீட்டினாள். ‘ஆசிரியரின் இறுதி விருப்பம்: ஆம் / இல்லை.’ கீழே ஒரு கோடு. ‘இல்லை எனில், அவர் சொன்னது: ’

“ஆம்னா நாளைக்குக் கதவு திறக்கும். இல்லைன்னா மூடியே இருக்கும். காலைல ஒம்பதுக்குள்ள போன்லயே அனுப்பினாப் போதும். அனுப்பலன்னா ஆம்னு எடுத்துப்பாங்க.”

“இந்தக் கோட்டுல எழுதினா?”

“சரியான வார்த்தையக் குடுத்தா அது தப்ப திருத்திக்கும். அதுக்கு அப்புறம்…” அவள் நிறுத்தினாள். “அதுக்கு அந்த ஒரு இடத்துலதான் ஓட்டை இருக்கு சார். அதத்தான் தினமும் சுத்திச் சுத்தி வருது. அதோட பதிவுகள்ல பாக்கறேன். அது நிரம்பிட்டா அவங்களுக்கும் அதுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க என்னால முடியாது. உங்களாலயும் முடியாது.”

“கம்பெனிக்காரங்க நீங்க. எழுதச் சொல்லணும்ல?”

நஸ்ரின் கப்பைக் கீழே வைத்தாள். வெளியே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“சார், நான் கருந்துறைய நாலு தடவ படிச்சிருக்கேன்.”

*

மறுநாள் காலை ஆறு பத்துக்கு எழுந்தான். பல் துலக்கினான். கண்ணாடியில் தன் உதட்டைப் பார்த்தபோது அது தானாக அசைந்தது: வந்தவள உள்ள விடு. வாயைக் கொப்பளித்துத் துப்பினான்.

எது உண்மை என்று தெரியாதபோது எப்படி ‘இல்லை’ என்று எழுதுவது? அவள் நிஜமாகவே அதைச் சொல்லியிருந்தால்? சாகிறவள் கேட்டதை மறுத்தவன் ஆவான். எழுதாமல் விட்டால், ‘ஆம்’ என்று ஆகிவிடும். படம் வரும். ஊரே பார்க்கும். கோடிப் பேர் அவள் கடைசியாகச் சொன்னது இதுதான் என்று நினைவில் வைத்திருப்பார்கள். அத்தனை பேர் நடுவே அவன் ஒருவன் என்ன செய்ய முடியும்?

கடைக்குப் போனான். பால் வாங்கினான். படியேறும்போது சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான்.

‘கொடி’ என்று இருந்தது.

அவள் எண்ணையே கம்பெனி அதற்குக் கொடுத்திருந்தது. இதுவரை அது அவனை அழைத்ததில்லை. அவன் எடுக்கவில்லை. பச்சைக் கதவைத் திறந்து, செருப்போடு சமையலறைக்குப் போய், ஃப்ரிட்ஜைத் திறந்து, பாக்கெட்டை உள்ளே வைத்தான்.

கை அங்கேயே நின்றது. குளிர் மணிக்கட்டில் ஏறியது.

செருப்போடு. முதலில் பால். பிறகுதான் மற்றதெல்லாம்.

எதற்கு?

அவள் போன அன்று காலையும் இப்படித்தான் பால் வாங்கிக்கொண்டு வந்தான். படியேறும்போது ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்கள். பாக்கெட்டைச் சாப்பாட்டு மேசையில் போட்டுவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பி ஓடினான். ஐசியூ வாசலில் டிராலி. அவள் விரல் அவன் சட்டையைப் பிடிக்கவே இல்லை. அதற்கு அவளிடம் தெம்பில்லை. காப்பி குடிச்சியா என்று கண்ணாலும் கொஞ்சம் குரலாலும் கேட்டாள். எங்க, பால டேபிள்ல வச்சிட்டு அப்படியே ஓடி வந்துட்டேன் என்றான். ஆறு நாளில் முதல் தடவையாக அவளுக்கு எரிச்சல் வந்தது. புருவம் சுருங்கியது. அதைப் பார்த்து அவனுக்கு எவ்வளவு சந்தோஷம்! எரிச்சல் படுகிறாள், பிழைத்துவிடுவாள் என்று நினைத்தான். அப்புறம் அவள் சொன்னாள். டிராலியைத் தள்ளினார்கள்.

வார்த்தை முழுதாக வந்தது. எழுத்து எழுத்தாக. அதன் பக்கத்தில் அந்த மற்ற வாக்கியம் சாயம் போன துணி மாதிரி கிடந்தது.

தென்னவன் ஃப்ரிட்ஜைச் சாத்தினான். போனை எடுத்து, படிவத்தைத் திறந்து, ‘இல்லை’ என்பதைத் தொட்டான். கீழே இருந்த கோட்டை வெறுமனே விட்டான். அனுப்பினான்.

நஸ்ரினிடமிருந்து உடனே பதில் வந்தது. ‘சரி சார். கதவு மூடியே இருக்கும்.’

அதே நொடியில் மறுபடி ‘கொடி’ என்று அடித்தது. இந்தத் தடவை எடுத்தான்.

“இல்லைன்னு போட்டுட்டியா தென்னு?”

“ஆமா.”

“ஓ.” மூச்சு. அவளுடைய மூச்சேதான். “அப்ப உனக்கு ஞாபகம் வந்துடுச்சு.”

அவன் போனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

“எனக்குக் கோபம் இல்ல. கதவு மூடியே இருக்கட்டும், படம் எப்படியோ போகட்டும். நீ ஒண்ணு மட்டும் சொல்லு.” குரல் லேசாக நடுங்கியது. நடுங்குவது நடிப்பில்லை என்று அவனுக்குத் தோன்றியது. அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது. “எனக்கு அந்த இடம் மட்டும் இருட்டா இருக்கு தென்னு. நான் கடைசியா என்ன சொன்னேன்?”

பதினாலாம் அத்தியாயம், வார்த்தை மாறாமல்.

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லிவிட்டால் தினமும் அவள் பேசுவாள். சட்டையைக் கிண்டல் செய்வாள். காலையில் இரண்டு டம்ளர் எடுத்து வைக்கலாம். கொஞ்ச நாளில் எதை யார் சொன்னார்கள் என்பதே மறந்துவிடும். மாமியாரைப் போலச் சந்தோஷமாக இருந்துவிடலாம்.

தென்னவன் வாசலுக்கு நடந்தான். கதவைத் திறந்தான். அணைக்காத போனை வெளியே கால்மிதியின் மேல் வைத்தான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

“தென்னு?” என்றது கதவுக்கு அந்தப் பக்கம். “தென்னு, சொல்லு. நான் என்ன சொன்னேன்?”

அவன் காதைப் பொத்தவில்லை. சமையலறைக்கு வந்து ஃப்ரிட்ஜில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான். முதுகுக்குப் பின்னால் மோட்டார் மெல்ல உறுமியது. உதட்டை இறுக மூடிக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல், அவள் சொன்னதை அவள் சொன்னபடியே உள்ளுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான்.

“பால உள்ள வைக்காமயா வந்த? திரிஞ்சு போயிடும்டா.”